நான் எழுதாத வழக்குகள்

சன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள் தம்பி. காற்றுப் பட்டால் எனக்குத் தலை கனக்கும். தவிரவும், வெளியே வேடிக்கை பார்க்கும் மனநிலையில் நான் இன்று இல்லை. இன்று காலை பதினொன்றரை மணிக்கு, என்னுடைய அறுபத்தெட்டாவது வயதில், நான் ஒரு வழக்கில் முதல் எதிரி ஆகியிருக்கிறேன். நகர்ந்து உட்கார வேண்டாம். கொலை, கொள்ளை எதுவுமில்லை. குற்றம் சாட்டப்படுபவரை எங்கள் வனத்துறையில் எதிரி என்றுதான் எழுதுவோம். முதல் எதிரி: குணசீலன், ஓய்வுபெற்ற வனவர். எனக்குப் பின்னால் ஒரு பட்டியலே இருக்கிறது. பட்டியலில் பெயர் வந்தவர்கள் சரக அலுவலக வாசலில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள் தம்பி. ஒரு பெரியவர் பொரியுருண்டை பங்கிட்டார். எனக்கும் ஒன்று தந்தார். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது. தின்ன மனம் வரவில்லை.

வத்தலக்குண்டு வரைக்கும் போகிறீர்களா? நல்லது. அப்படியானால் முழுவதையும் சொல்லலாம். வாழ்க்கையில் நேர்மையாக இருப்பவன் கடைசியில் எப்படி நடத்தப்படுகிறான் என்பதை உங்களைப் போன்ற இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மலையில் கவுதாரிப்பாறை என்று ஓர் இடம் உண்டு. பளியர் இனத்தவர் பத்தொன்பது குடும்பங்கள். தொண்ணூற்று நான்கு முதல் இரண்டாயிரத்து ஐந்து வரை, பதினோரு ஆண்டுகள், அந்தக் காடு என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் நான் ஒரு வழக்குக்கூட எழுதியதில்லை. விறகு வெட்டினார்கள், தேன் எடுத்தார்கள், புதரைத் திருத்தித் தினை விதைத்தார்கள், எலுமிச்சை வைத்தார்கள். எல்லாம் அன்றைய சட்டப்படி குற்றம். நான் எழுதவில்லை. ஏழையை அழைத்து உட்காரவைத்து, நல்ல வார்த்தை நாலு சொல்லி, மனம் திருந்தும்படி ஒரு கதையும் சொல்லி அனுப்பிவிடுவேன். தண்டனையால் உடம்புதான் வளையும், கதையால் உள்ளம் வளையும் என்பது என் கொள்கை.

அவர்களும் என்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். தேன் கொண்டுவருவார்கள், நெல்லிக்காய் கொண்டுவருவார்கள், வள்ளிக்கிழங்கு தோண்டி வருவார்கள். நான் கேட்டதே இல்லை. வழக்கு எழுதும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு மழை எப்படி என்றுதான் விசாரிப்பேன். அவர்களாகவே கொண்டுவந்து வைப்பார்கள். என் அரிசி மூட்டையை அடிவாரத்திலிருந்து தூக்கி வருவார்கள். என் குடியிருப்பின் கூரையை ஆண்டுக்கு ஒருமுறை மேய்ந்து தருவார்கள். கோடையில் காட்டுத்தீ பரவாமலிருக்க மைல் கணக்கில் செத்தை அகற்றுவார்கள். கூலி என்ற பேச்சை எடுத்தால் அவர்கள் மனம் புண்படுமே என்று அந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை.

இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் வருவோம். அங்கே ஈச்சங்குடி. அவர்களும் பளியர்கள்தான், பத்தொன்பதுக்குப் பதில் இருபத்திரண்டு குடும்பம். அந்தப் பகுதிக்கு வனக்காவலர் கோட்டைச்சாமி. இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது, ஆனால் அவர் மனிதரே இல்லை. சுள்ளி பொறுக்கினால் வழக்கு. ஓடையில் மீன் பிடித்தால் வழக்கு. ஒரு கிழவர் மரத்தடியில் படுத்துத் தூங்கியதற்கு, அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. தேதி, இடம், கிழக்கே எது, மேற்கே எது, எத்தனை மரம், எல்லாம் மணிமணியாக எழுதி, கைரேகை வாங்கி, ரசீதும் கொடுத்துவிடுவார். மொத்தம் அறுபத்து மூன்று வழக்குகள். ஈச்சங்குடிக்காரர்கள் அவரைக் கண்டால் பாறைக்குப் பின்னால் ஒளிவார்கள். என்னைக் கண்டால் கவுதாரிப்பாறைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். வேறுபாட்டைக் கவனியுங்கள்.

பிறகு வன உரிமைச் சட்டம் வந்தது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு டிசம்பருக்கு முன்பே காட்டு நிலத்தில் இருந்து பயிர் செய்த பழங்குடியினருக்கு அந்த நிலத்தின்மேல் உரிமை உண்டு என்றது சட்டம். நல்ல சட்டம். ஆனால் இருந்ததற்குச் சான்று வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் ஒன்று, அதோடு இன்னொன்று. அந்த இன்னொன்று காகிதமாக, முத்திரையோடு இருந்தால்தான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மனம் ஒப்பும். காட்டில் வாழ்ந்தவனிடம் அரசாங்கக் காகிதம் ஏது என்கிறீர்களா? ஈச்சங்குடிக்காரர்களிடம் இருந்தது. கோட்டைச்சாமி போட்ட வழக்குகள். இன்ன தேதியில், இன்ன ஓடைக்கு மேற்கே, இன்னான் தன் தினைக்காட்டில் நின்றபோது பிடிபட்டான் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. இதைவிட வலுவான சான்று உண்டா? இருபத்திரண்டு குடும்பத்துக்கும் உரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டது.

அந்த விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மேடையில் கோட்டைச்சாமியின் படம். சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. கீழே ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகராசன், என்னைய மட்டும் ஏழு தடவ பிடிச்சாரு" என்கிறாள்.

இதோடு முடியவில்லை. ஈச்சங்குடியிலிருந்து கவுதாரிப்பாறைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள், "உங்க வீட்ல எத்தன கேசு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒன்றுமில்லை என்றால் முகம் சுருங்குகிறது. மூன்று வழக்குள்ள குடும்பம் என்றால் தனி மதிப்பு. குற்றம் புகழாகவும் ஒழுக்கம் குறையாகவும் ஆகிவிட்ட காலம் தம்பி இது.

போன மாசி மாதம் ராக்கு என் வீட்டுக்கு வந்தாள். கவுதாரிப்பாறையில் வெள்ளையன் என்று ஒருவர் இருந்தார், அவருடைய மகள். நாற்பது வயது இருக்கும். நாலெழுத்துப் படித்தவள், ஊரில் எல்லோருக்கும் மனு எழுதுபவள். கூட ஐந்து பேர். வெறுங்கையோடு வந்திருந்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, கவனித்தேன், அவ்வளவுதான்.

"அய்யா, எங்க மேல கேசு எழுதித் தரணும்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "என்ன கேசு?"

"மரம் வெட்டுனது, காட்டத் திருத்துனது, எதுன்னாலும் சரிங்கய்யா. பழைய தேதி போட்டு. பத்தொம்பது வீட்டுக்கும் வீட்டுக்கு ஒண்ணு."

நான் அவர்களை உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். திருவிழாவில் எல்லோரும் தன்னைப் பார்க்கவேண்டும் என்று ஒருவன் முகத்தில் கரி பூசிக்கொண்டு போனான். எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அவன் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே குற்றத்தின் வழியாக அடையாளம் தேடாதீர்கள் என்றேன்.

ராக்கு விடவில்லை. "கரி பூசுனவனயாச்சும் பாத்தாகள்ல அய்யா. பூசாதவன யாரு பாத்தா?"

கதையின் கருத்து அவளுக்குப் பிடிபடவில்லை. போகட்டும். ஓய்வுபெற்றவன் பழைய தேதியில் வழக்கு எழுதினால் அது பொய் ஆவணம், பொய்யை நான் வாழ்நாளில் தொட்டதில்லை என்றேன். உடனே பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்த உத்தரவு. அதில் இப்படி இருந்தது: "சம்பந்தப்பட்ட வனவர் அளித்துள்ள நூற்று முப்பத்திரண்டு மாதாந்திர அறிக்கைகளிலும் மேற்படி பகுதியில் ஆக்கிரமிப்போ மனித வசிப்போ இல்லை எனத் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருப்பதால்."

"நூத்தி முப்பத்திரெண்டு மாசம் நாங்க இல்லைங்களாய்யா?" என்றாள். கூட வந்த முத்தன் என்பவர், "அப்ப ஒங்க கூரைய மேஞ்சது யாருங்க சாமி, கரடியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் அடுக்களையில் சிரித்தது கேட்டது.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் தம்பி. ஆள் இருக்கிறார்கள் என்று நான் எழுதியிருந்தால் மேலிடம் என்ன செய்யும்? இறக்கிவிடு என்று உத்தரவு போடும். ஆகவே, அவர்களைக் காப்பாற்றத்தான், ஆள் இல்லை என்று எழுதினேன். அப்படி எழுதியதால் ஆக்கிரமிப்பே இல்லாத பகுதி என்று என் காட்டுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அது பக்க விளைவு. அதை நான் தேடிப் போகவில்லை. ராக்குவுக்கு இதை எவ்வளவு விளக்கியும், "சரிங்கய்யா, அதையே வந்து குழுவுல சொல்லுங்க" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போனேன். நான் ஒளிபவன் அல்ல. கோட்டாட்சியர் தலைமையில் குழு கூடியிருந்தது. இளைஞர், மரியாதை தெரிந்தவர். "சார், நீங்க பணியில் இருந்தப்ப இவங்க அங்க இருந்தாங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வது அறிவுடைமை ஆகாது. நான் ஒரு கதையிலிருந்து தொடங்கினேன். ஓர் அரசன் தன் தோட்டக்காவலனிடம், தோட்டத்தில் எத்தனை பறவைகள் என்று கேட்டான். காவலன், ஒன்றுமில்லை அரசே என்றான். ஏன் அப்படிச் சொன்னான்? உண்டு என்றால் அரசன் வில்லோடு வருவான். ஆகவே காவலனின் இல்லை என்ற சொல்லுக்குள் அன்பு கூடு கட்டியிருந்தது. இதை அன்பு, வாய்மை, கடமை என்று மூன்றாகப் பிரித்து நாற்பது நிமிடம் பேசினேன். நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கோட்டாட்சியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பறவைங்க இருந்ததுன்னு எழுதிக்கலாமா சார்?" என்றார்.

நான் யோசித்தேன். இருந்தது என்றால், நூற்று முப்பத்திரண்டு அறிக்கையும் பொய் என்று ஆகிவிடும். அரசாங்கத்துக்குப் பொய் எழுதியவன் என்ற பெயரோடு நான் இனி எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் வழக்கம்போல் ஒழுக்கம் பற்றிப் பேசுவது? இல்லை என்றாலோ, எதிரே பத்தொன்பது குடும்பமும் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "மனிதனாகப் பார்த்தேன். அதிகாரியாகப் பார்க்கவில்லை" என்றேன். அழகான வாக்கியம், இல்லையா? அங்கிருந்த எழுத்தர் அதைக்கூட எழுதவில்லை. என் நாற்பது நிமிடத்தையும் ஒரே வரியில் முடித்தார்: "சாட்சி தெளிவாகப் பதில் கூறவில்லை." அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ராக்குவுக்கும் இறங்கியிருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். அவளுக்கு எலுமிச்சைத் தோட்டம் ஒன்றரை ஏக்கர் அங்கே இருக்கிறது. அந்த இடத்தில் ஏதோ விடுதி வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தள்ளுபடி உறுதியானால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். ஆனால் அவள் ஓயவில்லை. ஊரையே கூட்டிக்கொண்டு சரக அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள், தலைக்கு ஒரு விறகுக்கட்டோடு.

அங்கே இப்போது மெர்லின் என்று நாகர்கோவில் பக்கத்துப் பெண் ரேஞ்சராக இருக்கிறார். "மேடம், திருடிட்டு வந்திருக்கோம், கேசு போடுங்க" என்று விறகை வாசலில் இறக்கியிருக்கிறார்கள்.

"கீழ கெடந்த சுள்ளிதானே? அது ஒங்க உரிமை. அதுக்கெல்லாம் இப்ப கேஸ் போட முடியாது" என்றிருக்கிறார் ரேஞ்சர்.

"அப்ப அந்த உரிமைய வெச்சு நெலத்தக் குடுங்க."

"அதுக்கு ஆதாரம் வேணும்."

"அதுக்குத்தான் கேசு போடுங்கங்குறோம்."

மூன்று நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் மாலை ராக்கு ஒரு புகார் எழுதி நீட்டியிருக்கிறாள். என்மேல் தம்பி. குணசீலன் என்ற வனவர் பதினோரு ஆண்டு காலம் எங்கள் குற்றங்களை நேரில் பார்த்தும் நடவடிக்கை எடுக்காமல், எங்களிடம் தேன் பெற்றுக்கொண்டு விட்டுவிட்டார். ஆகவே அவர் முதல் எதிரி, நாங்கள் அடுத்தடுத்த எதிரிகள் என்று.

ரேஞ்சர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், இருபது வருஷம் ஆயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது. ஒரே நாள்ல பதிஞ்சு, காலம் கடந்துபோச்சுன்னு அன்னைக்கே மூடிருவேன். ஆனா முத்திரை விழும், நம்பர் விழும். இவங்களுக்கு அது போதும். நீங்க வந்து, பாத்தேன்னு சொன்னாதான் அவங்க சொல்றது நிக்கும்."

"நான் சொல்வதை முழுமையாக எழுதுவீர்களா?" என்று கேட்டேன். அந்த எழுத்தரின் ஒற்றை வரி என் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

"ஒரு சொல் விடாம எழுதுறேன் சார்."

என் மனைவி சௌந்தரம், "போயிட்டு வாங்க, பதினோரு வருசம் தின்னது நாமதான" என்று சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். பெண்களுக்கு எல்லாவற்றையும் சாப்பாட்டோடு முடிச்சுப் போடும் வழக்கம் இருக்கிறது.

இன்று காலை போனால், பத்தொன்பது குடும்பமும் தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த துணி உடுத்தி, வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர்கள் இப்படியா வருவார்கள்? ரேஞ்சர் ஒவ்வொருவராக அழைத்தார். முத்தன், தொண்ணூற்றாறில் தினைக்காடு. பார்த்தீர்களா சார்? பார்த்தேன். பொம்மன், தொண்ணூற்றெட்டில் இலவ மரம் வைத்தது. பார்த்தீர்களா? பார்த்தேன். நான் கருணையைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அடுத்த பெயர் வந்துவிடும். ஒரு சொல் விடாமல் எழுதினார் என்பது உண்மை. நான் சொன்னதே ஒரு சொல்தான். பதினெட்டுக் குடும்பத்துக்கும் முடிந்தது.

கடைசியாக ராக்கு வந்து நின்றாள்.

ரேஞ்சர் காகிதத்தைப் புரட்டினார். "ஒங்க அப்பா வெள்ளையன் எறந்துட்டாரு. எறந்தவர் மேல போட முடியாதும்மா. அவரு எப்ப எறந்தாரு?"

"ரெண்டாயிரத்து நாலு, அய்ப்பசி. எனக்கு அப்ப இருவது வயசு."

"அப்ப அதுக்கப்பறம், அஞ்சாம் வருசத்துக்குள்ள, நீ அந்த நெலத்துல பயிர் வெச்சத இவர் பாத்திருக்கணும். சார், பாத்தீங்களா?"

நினைவில்லை என்றேன்.

வாசலில் நின்ற பதினெட்டுப் பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ராக்கு என் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல், மறந்துபோன பாடத்தைப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதுபோல் சொன்னாள்: "நெனவில்லையாங்கய்யா? முப்பது எலுமிச்சங்கன்னு. நீங்க பிடுங்குனீகள்ல?"

இதை நான் உங்களிடம் முதலில் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாயிரத்து நான்கு, கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். அதற்கடுத்த நாள் அந்தப் பாராட்டுச் சான்றிதழுக்காக மேலதிகாரிகள் ஜீப்பில் ஆய்வுக்கு வருகிறார்கள். நான் தூறலில் ஏறிப் போகிறேன். தகப்பன் போய் ஒரு மாதம் ஆன இடத்தில் இந்தப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வரிசையாகக் கன்று வைத்திருக்கிறாள். அதிகாரிகள் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அவளுடைய நன்மைக்காகத்தான் செய்தேன். ஈர மண், எளிதாக வந்துவிட்டது. முப்பதையும் பிடுங்கி ஓடையில் போட்டேன். அவள் தடுக்கவில்லை. குழந்தையை மாற்று இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். எந்தக் கதை என்றுதான் நினைவில்லை.

"அய்யா போனப்பெறகு ஓடையில எறங்கிப் பொறக்கியாந்து திரும்ப வெச்சேன் மேடம்" என்றாள் ரேஞ்சரிடம். "இருவத்திரெண்டு பொழச்சுச்சு. இப்பக் காய்க்குறது அதுதான்."

ரேஞ்சர் என் பக்கம் திரும்பினார். "சார், பிடுங்குனீங்களா?"

நான் மெதுவாகத் தொடங்கினேன். "ஒரு தோட்டத்தில் ஒரு காவலன்..."

"கதை வேண்டாம் சார்" என்றார். குரலில் கடுமை இல்லை. "பிடுங்குனீங்கன்னா இவ தப்பிச்சா. பிடுங்கலன்னா இவ எறங்கணும்."

தம்பி, என் நிலையை எண்ணிப் பாருங்கள். பதினோரு ஆண்டில் நான் செய்த நன்மைகள் ஆயிரம். கூரை மேய வந்தவர்களுக்கு மோர் கொடுத்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன். எத்தனையோ நல்ல கதைகள். அதில் ஒன்றுகூட அந்தக் காகிதத்துக்குப் பயன்படவில்லை. அவர்களுக்கு எதிராக என் கை செய்த ஒரே ஒரு காரியம், அதைத்தான் கேட்கிறார்கள். அதைச் சொன்னால் என் பெயருக்கு எதிரே என்ன எழுதப்படும் என்று எனக்குத் தெரியும். வாசலில் பதினெட்டுக் குடும்பம் நிற்கிறது. ராக்கு மட்டும் என்னைப் பார்க்காமல் ரேஞ்சரின் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடுங்கினேன்" என்றேன்.

பேனா ஓடியது. "முதல் எதிரி, மேற்படி ராக்கு என்பவர் மேற்படி நிலத்தில் நட்டிருந்த முப்பது எலுமிச்சைக் கன்றுகளைத் தம் கையால் அகற்றியதாக ஒப்புக்கொள்கிறார்." கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது. வாசலில் கைதட்டினார்கள். பொரியுருண்டை வந்தது அப்போதுதான்.

ராக்கு நகலை வாங்கி, விரலை வரிக்கு வரி ஓட்டிப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினாள்.

"பிடுங்குனதுக்கு ரொம்ப நன்றிங்கய்யா" என்றாள்.

கிண்டல் இல்லை தம்பி. எனக்குக் கிண்டல் தெரியும். கண் கலங்கியிருந்தது. மனதாரச் சொன்னாள்.

அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். பதினோரு ஆண்டு நான் அந்த மக்களிடம் அன்பாக இருந்திருக்கிறேன். அங்கிருந்து மாறுதலாகிக் கீழே இறங்கிய அன்று, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடிவாரம் வரை வந்தார்களே, அன்றைக்குக்கூட அவர்களில் ஒருவர் வாயிலிருந்தும் நன்றி என்ற சொல்லை நான் கேட்டதில்லை. இன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.